முப்பத்தெட்டுச் சாதனைகளும் ஒரு சிவப்புக் கூம்பும்

கார்ஷா,
திங்கட்கிழமை, மழை.

'கார்ஷா வார மடல்' ஆசிரியர் திருமதி ஹார்ட்லி அவர்களுக்கு,

கார்ஷா ஓட்டச் சங்கத்தின் செய்திச் செயலாளர் எல்லிஸ் வார்மால்ட் பணிவுடன் எழுதுவது. தங்கள் மூட்டுவலி தணிந்து, காணாமல் போன பூனை வீடு திரும்பி, பத்திரிகைக்கு விளம்பரங்களும் பெருகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். நலம் என்று சொன்னால் போதாது, தலைகால் புரியாமல் இருக்கிறோம். இந்த வார இறுதியில் எங்கள் சங்கம் சாதித்திருப்பதை, வழக்கம்போல் நாய்க் கண்காட்சிக்கும் தேவாலயக் கேக் விற்பனைக்கும் நடுவே நாலு வரியில் நசுக்கிவிடாமல், இந்த ஒரு தடவையாவது அரைப் பக்கம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பக்கத்து ஊர் ஆல்டன்டேல் சங்கத்தார் தங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருப்பதாகக் கேள்வி. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் தூரம் குறைந்துவிட்டது, சாதனை எல்லாம் பொய் என்று எழுதியிருக்கிறார்களாம். வயிற்றெரிச்சல் அம்மா, வேறொன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தாங்களே முடிவு செய்யுங்கள்.

சனிக்கிழமை பூங்காவில் ஐந்து கிலோமீட்டர். மூன்று பேர் தங்கள் பழைய நேரத்தைத் தாங்களே முறியடித்தார்கள். அதைத்தான் நாங்கள் சொந்தச் சாதனை என்கிறோம், அதற்காகத்தான் சோறு தண்ணீர் மறந்து ஓடுகிறோம். மூவரில் தச்சர் ரெஜியைக் குளத்து அன்னம் ஒன்று கடைசிவரை துரத்தி வந்தது. அது கணக்கில் சேருமா என்று அரை மணி நேரம் சண்டை போட்டு, விதிகளில் அன்னத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் சேர்த்துக்கொண்டோம். இப்படிப்பட்ட நேர்மையான சங்கத்தைத்தான் அவர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் பத்து கிலோமீட்டர். கரையோரமாகவே மதகு வரை போய், அங்கே வைத்திருக்கும் சிவப்புக் கூம்பைச் சுற்றித் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். கூம்புக்குக் காவல் என் மனைவி மோராவின் தம்பி க்ளைவ். கொட்டுகிற மழையில் அக்கம்பக்கம் தெரியாமல், கூம்பின் சிவப்பை மட்டும் பார்த்து முப்பத்தெட்டு பேர் ஓடினோம், முப்பத்தெட்டு பேருக்கும் சொந்தச் சாதனை! முதலில் வந்த ஜோயல் கோப்பையையும் பழக் கேக்கையும் வாங்கிக்கொண்டு போனான். ஒன்பது வருஷமாக அசையாமல் கிடந்த என் நேரம் உடைந்ததைக் கடிகாரத்தில் பார்த்ததும், எதிரே வந்த ஒருவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அவர் ஓட வந்தவர் இல்லையாம், நாயை உலாத்தக் கூட்டி வந்தவராம்.

இந்த இடத்தில்தான் கைக்கடிகாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது எல்லோரும் கட்டியிருப்பது, செயற்கைக்கோளைக் கேட்டுத் தூரம் சொல்கிற ரகம். முடிவுக்கோட்டைத் தாண்டியவர்கள் வழக்கமாகக் கையைத் தூக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். அன்று ஒவ்வொருவரும் ஒரு தடவை பார்த்தார்கள், சட்டைக் கையைக் கீழே இழுத்து மூடினார்கள், நேரே தேநீர்க் கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். நானும் மூடினேன். அது காட்டிய தூரம் பத்து கிலோமீட்டரைத் தொடவில்லை, கொஞ்சம் குறைந்தது. மரமும் மேகமும் மறைத்தால் செயற்கைக்கோளுக்கு என்ன தெரியும்? என் கடிகாரம் போன மாதம் நான் சோபாவில் இருக்கும்போது நீந்துகிறேன் என்று சொன்னது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. இன்று காலை சாப்பிட வந்த க்ளைவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கீழே வருவது அச்சிடுவதற்கு அல்ல.

"டேய், கூம்பை நகத்துனியா?"

"நகத்தல அத்தான். மதகுக்கு முன்னாடி வர்ற பாலத்துக்கு அடியில கொண்டுபோய் வச்சேன்."

"அதுக்குப் பேரு என்னடா?"

"மழை அப்படி ஊத்துது. நனையாதா?"

"கூம்பு நனைஞ்சா ஜலதோஷமா பிடிக்கும்?"

"நான் நனையறேன்ல! நாற்காலி, பிளாஸ்க், சாண்ட்விச் எல்லாம் இருக்கு. மதகுகிட்ட ஒரு குடைகூட கிடையாது. பாலம் எவ்வளவு தூரம், இருநூறு கஜம்தானே?"

போக இருநூறு, வர இருநூறு. மோரா அடுப்படியில் இருந்தபடியே, "என் தம்பியத் திட்டாதீங்க, உங்க சாதனைக்கு அவன்தான் காரணம்" என்றாள். ஒன்பது வருஷ உழைப்புக்கு இப்படி ஒரு விளக்கத்தை, கட்டிய மனைவி வாயிலிருந்தே கேட்க வேண்டியதாயிற்று.

என் சாதனை போனால் போகட்டும் என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவேன், அம்மா. சொல்ல வராது, ஆனால் முயற்சி செய்வேன். என் கவலை மேவிஸ் சக்டனைப் பற்றி. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. எங்கள் விதிப்படி ஒன்றரை மணி நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுவோம், அதற்குப் பிறகு வருகிறவர்களின் பெயர் முடிவுகளில் சேராது. வருஷா வருஷம் மேவிஸ் வந்து சேரும்போது கூடாரத்தைச் சுருட்டியிருப்போம், கேக்கும் தீர்ந்திருக்கும், தேநீர்க் கோப்பை கழுவுகிறவர்தான் சோப்புக் கையோடு கைதட்டுவார். தங்கள் பத்திரிகையில் அவர் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த ஞாயிறு அவர் வந்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது! நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். கோட்டைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாரம் பேப்பர்ல என் பேரு வருமாப்பா, எல்லிஸ்?" என்று கேட்டார். "பெரிய எழுத்துல வரும், மேவிஸ்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கடையில் ஆறு பிரதி சொல்லிவைத்திருக்கிறார், ஒன்று கனடாவில் இருக்கும் மகளுக்கு. இப்போது போய் தூரம் குறைவு என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே ஆல்டன்டேல்காரர்களின் கடிதத்தைத் தாங்கள் அடுப்பில் போட்டுவிட்டு, இத்துடன் இணைத்துள்ள முப்பத்தெட்டு பெயர்களையும் நேரங்களோடு அப்படியே வெளியிட வேண்டும். என் பெயர் நடுவில் எங்கேயோ இருக்கிறது, தடித்த எழுத்தில் போட்டால் ஆட்சேபணை இல்லை.

தங்கள் பேனாவும் மூட்டுகளும் பல்லாண்டு தடையின்றி ஓட வாழ்த்தும்,
எல்லிஸ் வார்மால்ட்,
செய்திச் செயலாளர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மேவிஸ் மழைக்கோட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா, கூம்பு பாலத்துக்கு அடியில இருந்துச்சாமே? ஊரே பேசுது."

நான் செயற்கைக்கோளைப் பற்றி ஆரம்பித்தேன்.

"யாருக்கு வேணும் உங்க கூம்பு? நீங்கள்லாம் கூம்பு வைக்கிறதுக்கு முன்னாடியிருந்தே ஓடுறவ நான். மதகுக் கதவக் கையால தொட்டாத்தான் எனக்குத் திரும்பின மாதிரி இருக்கும். இந்த வருஷமும் தொட்டுட்டுத்தான் வந்தேன். பனிக்காலம் பூரா ஓடிப் பழகினேனே, யாராவது பாத்தீங்களா?"

இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்த க்ளைவ் உள்ளேயிருந்து, "ஆமா அத்தான், அந்தம்மா என்னைத் தாண்டிப் போனாங்க. கத்தினேன், காதுலயே வாங்கல. சரி, புதர்ப்பக்கம் ஒதுங்கப் போறாங்க போலன்னு நான் மரியாதையா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்" என்றான்.

ஆகவே, அம்மா, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மேலே எழுதியது அனைத்தையும் குப்பையில் போடுங்கள். முப்பத்தேழு பெயர்களை அடித்துவிட்டேன், என்னுடையதைக் கடைசியாக, ரொம்ப நேரம் பார்த்த பிறகு. ஜோயல் கோப்பையைக் கழுவித் திருப்பித் தருகிறான், கேக் விஷயத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அரைப் பக்கம் மட்டும் எனக்குக் கட்டாயம் வேண்டும். அதில் போட வேண்டியது இதுதான்:

கார்ஷா கால்வாய்க் கரை, பத்து கிலோமீட்டர். ஓடி முடித்தவர்: ஒருவர். முதலிடம்: மேவிஸ் சக்டன்.