ஓஸ்வால்டின் ஞானப்பாட்டு

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் பொய்யை விட்டுவிடுவது என்று ஓஸ்வால்ட் தீர்மானித்தார். சாம்பல் புதன் காலையில், முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த தீர்மானம். மனைவி டோரீனிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தார். சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தது. அவரைப் பொறுத்தவரை அது சாதனைதான்.

சாயங்காலம் என்ன ஆயிற்று என்றால், காக்ஸ் டவுன் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று, கட்டில் முதல் பூந்தொட்டி வரை வாசலில் வைத்து ஏலம் விட்டது. பூந்தொட்டிக்கு அடியில் கிடந்தது அந்தக் கிராமபோன் ரெக்கார்ட். ஈரத்தில் லேபிள் கரைந்திருந்தது. அங்கேயே வைத்துக் கேட்ட ஓஸ்வால்டுக்குக் கால் தரையில் இல்லை; வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

அமெரிக்கப் பருத்திக்காட்டுக் கறுப்பர் ஒருவர், ஒற்றைக் கிதாரோடு, தொண்டையில் சரளைக்கல்லை உருட்டுகிற மாதிரி பாடிய ப்ளூஸ். யுத்த காலத்தில் விமான நிலையக் கிடங்கில் இவர் கிளார்க்காக இருந்தபோது, அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் மத்தியானங்களில் வைத்துக் கேட்ட அதே பாட்டு. சிப்பாய் ஊருக்குப் போய்விட்டான். பாட்டு போகவில்லை. அன்றிலிருந்து ஏலம் ஏலமாகத் தேடினார். தேடிய வழியில் அகப்பட்ட மற்ற அழுமூஞ்சி ரெக்கார்டுகள் எல்லாம் டோரீனின் சேலை அலமாரியில் குடியேறியிருந்தன.

லெந்து காலத்தில் அந்த வீட்டில் கோயிலில் பாடுகிற ஞானப்பாட்டு மட்டும்தான் ஒலிக்கும். டோரீன் போட்ட சட்டம். ஈஸ்டர் வரை பொறுக்க ஓஸ்வால்டால் ஆகுமா? ஒரு ஞானப்பாட்டு ரெக்கார்டின் உறையை உருவி இதற்கு மாட்டினார். கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார்.

டோரீன் கரண்டியோடு வந்து நின்றாள்.

“யாருங்க இது, பல்லு பிடுங்கறப்ப பாடறவரு?”

“ஞானப்பாட்டு டோரீன். அமெரிக்காவில கறுப்பர் சபையில பாடறது. பாவ அறிக்கை.”

“யாரோட பாவம்?”

“பொதுவா எல்லாரோடதும்.”

“நடுவில ரயிலுங்கறானே?”

“அது பரலோகம் போற ரயிலு.”

கான்வென்ட்டில் பிரம்படி வாங்கி இங்கிலீஷ் படித்தவள் டோரீன். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். மனைவி பேசாமல் உள்ளே போனால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற ரகம் ஓஸ்வால்ட்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் ஜெபக் கூட்டத்துக்குக் கூட வாங்க என்று டோரீன் எப்போது கூப்பிட்டாலும் அவருக்கு இடுப்பு வலிக்கும். அந்த வெள்ளிக்கிழமை கூட்டமே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் ஹால் நிறைய மாதர் சங்கம். நடுவில் தலைவி பியாட்ரிஸ் அம்மா, பக்கத்தில் கிராமபோன்.

“வாங்க தம்பி. ஏதோ அபூர்வமான ஞானப்பாட்டாமே. டோரீன் சொல்லிச் சொல்லி ஓயல. போடுங்க.”

வேறு வழியில்லாமல் ஊசியை வைத்தார். கிதார் முதல் இழுப்பு இழுத்ததும் பயம் மறந்துபோயிற்று. கிடங்கு வாசலின் பெட்ரோல் வாடை, விமானம் கிளப்பிய செம்மண், தாளம் தட்டிய பூட்ஸ், அந்த வயசில் வைத்திருந்த மெல்லிய மீசை எல்லாம் திரும்பி வந்தன. பாட்டு முடிந்தபோது மாதர் சங்கம் மூக்கைச் சிந்தியது. வந்தவர்களில் யாருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. அதனால் உருக்கம் ஜாஸ்தி.

“இது வீட்டுல முடங்கிக் கிடக்கலாமா? சங்கத்துக்குக் குடுத்துடுங்க தம்பி.”

“அதுக்கென்னக்கா, எடுத்துக்கோங்க,” என்றாள் டோரீன்.

“இல்ல, அது வந்து...”

“என்ன வந்து? ஞானப்பாட்டுதானே?”

ஹால் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

“ஞானப்பாட்டுதான்,” என்றார் ஓஸ்வால்ட்.

எல்லாரும் போனபிறகு நாற்காலியில் சரிந்தார். “உனக்குத் தெரியாது டோரீன். அந்தப் பாட்டை எத்தனை வருஷமா...”

“தெரியும். பொண்டாட்டி ரயிலேறிப் போயிட்டா, தலகாணி நனையுதுன்னு அழறான். கல்யாணத்துக்கு முன்னாடி கோல்ஸ் பார்க்குல என்னோட நடந்தப்ப இதைத்தானே முனகிட்டு வந்தீங்க? எங்க அப்பா கேட்டதுக்கும் ஞானப்பாட்டுன்னுதான் சொன்னீங்க.”

“தெரிஞ்சுமா தூக்கிக் குடுத்த?”

“எனக்கும் கேக்கணும், நீங்க பக்கத்தில இருக்கணும். இனிமே வெள்ளிக்கிழமை தவறாம கூட்டத்துல போடுவாங்களாம். கிராமபோன் தூக்கிட்டு வர ஆள் வேணும்னாங்க, உங்க பேரைக் குடுத்திருக்கேன். இடுப்பு வலிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்கதான் லெந்துல பொய்யை விட்டுட்டீங்களே.”