அது வளைந்து கொடுக்கும்

தெரிந்ததைத் தெளிவாகச் சொல்வது நல்ல பழக்கம் என்று நம்புகிறவர்கள், பெண் கேட்கப் போன இடத்தில் வாய் நிறைய மக்ரூனை அடைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. நான் அவசரமாக விழுங்கிவிட்டேன்.

ரோஸ்லினும் நானும் கல்லூரியிலிருந்தே விரும்பியது இரண்டு வீட்டுக்கும் தெரியாது. தரகர் கொண்டுவந்த சம்பந்தம்போல ஏற்பாடு செய்திருந்தோம். அவள் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட்; கப்பலில் இறங்கும் சரக்குக்குப் பேப்பரெல்லாம் சரிபண்ணி வெளியே எடுத்துக் கொடுப்பவர். அவர் தலையாட்டாவிட்டால், அடுத்த வாரம் கப்பல்கார மாப்பிள்ளை ஒருவர் வருவதாக இருந்தது.

"பெங்களூர்ல என்ன சோலி பாக்குதீய?" என்றார்.

"பலூன்ல அடைக்க ஹீலியம் இருக்குல்லா மாமா, அத உறைய வச்சு, அந்தப் படிகத்துல குறை கண்டுபிடிக்கேன்."

"குறை இருந்தா திருப்பி அனுப்பிருவீயளோ?" (கன்டெய்னரையே பார்த்துப் பழகிய மனிதர்.)

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்குள் இருந்த விஞ்ஞானி, பிழைக்கத் தெரியாத ஜென்மம், எழுந்து நின்றுவிட்டான்.

"குறை இல்லாம எதுவும் கிடையாது மாமா. வெறுமன குளிர வச்சா அது உறையாது, நல்லா அமுக்கணும். ரொம்பச் சுத்தமா இருந்தா, உள்ள வரிசை பிசகுன இடமெல்லாம் லேசா நழுவும். அது நல்லா வளைஞ்சு குடுக்கும். துளி அழுக்கு சேந்துட்டாப் போதும், விறைச்சுக்கும்."

எங்கள் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளையையும் 'அது நல்லாப் படிக்கும், அது அமைதியா இருக்கும்' என்றுதான் பேசுவோம். காப்பியோடு வந்த ரோஸ்லினின் அம்மாவுக்கு ஹீலியம் காதில் விழவில்லை. 'நல்லா அமுக்கணும்' முதல்தான் விழுந்தது.

"எம் பிள்ளைய அமுக்கி வளைக்கதுக்கா வந்திருக்கீய? அழுக்குன்னு வேற சொல்லுதீய" என்றவர், காப்பியோடு மக்ரூன் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரோஸ்லின்தான் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, இவுக சொல்லுதது வாயுவ, என்னய இல்ல. எனக்கு வளைஞ்சு குடுக்க வராதுன்னு இவுகளுக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

இந்தக் கேள்விக்கு முன்னால் ஹீலியத்தை விளக்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை. இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பினார். "ஏளா, அந்தத் தட்டக் கொண்டா. சரக்கு எப்பவோ இறங்கியாச்சு. நாமதான் பேப்பர வச்சுக்கிட்டு நிக்கோம்."

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. எங்களுக்குள் சண்டை என்று காதில் விழுந்தால் போதும், மாமியார் மகளுக்குப் போன் போட்டு, "ஏளா, அது வளைஞ்சு குடுத்துச்சா, இன்னும் விறைச்சுக்கிட்டுத்தான் இருக்கா?" என்று கேட்பார். 'அது' இப்போது நான்.