கொழுப்பு சாரும் என் ஒரே மூச்சும்

“உனக்குக் கொழுப்புடா” என்று நல்லம்பள்ளியில் யாரைப் பார்த்துச் சொன்னாலும் சட்டைக் காலரைப் பிடிப்பார்கள். சொன்னவனைக் கும்பிட்டு, “ஆமாங்க, எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அதுல எத்தனை வகைன்னு சொல்லட்டுங்களா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்.

பெயர் ஏதோ நீளமாக இருக்கிறது. போஸ்ட்மேனைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. ஊருக்கு அவர் கொழுப்பு சார். எங்கோ ஒரு பெரிய ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் காலமெல்லாம் கொழுப்பை ஆராய்ந்து, ரிட்டயர்டு ஆகி, அமைதியான இடம் வேண்டுமென்று என் மாடிக்கு வந்தார். அவர் வந்த பிறகு எங்களுக்குத்தான் அமைதியான இடம் தேவைப்பட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் விஷயம் புரியாது. நான் மூன்றாம் வகுப்பு. மூட்டை தூக்கி மேலே வந்தவன். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் புளி மண்டி என்றால் என் மண்டிதான். காரணம் படிப்பு இல்லை, குரல். நான் ஏலம் கூற ஆரம்பித்தால் முதல் விலையிலிருந்து ‘மூணு தரம்’ வரைக்கும் நடுவில் மூச்சு வாங்கமாட்டேன். கம்பைநல்லூர் வியாபாரிகள் என் ஏலத்தைக் கேட்பதற்கென்றே வருவார்கள், புளியெல்லாம் இரண்டாம்பட்சம். அந்த மூச்சும், மூட்டை சுமந்த இந்த இரண்டு காலும்தான் நான் சம்பாதித்த சொத்து. போன வருஷம் இரண்டும் ஒரே வாரத்தில் என்னை விட்டுப் போகப் பார்த்தன. அந்த நேரம் பார்த்து எனக்கு வாய்த்த துணை கொழுப்பு சார். என் தலையெழுத்து.

மனிதர் எப்படிப்பட்டவர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இண்டூரில் என் பங்காளி மகள் கல்யாணம். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் இவரை உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஆள் மரியாதைக்கு, “சாருக்கு எதுல ஆராய்ச்சிங்க?” என்று கேட்டுவிட்டார்.

“கொழுப்புலங்க. இப்ப உங்க மூளையவே எடுத்துக்குவோம். தண்ணிய வடிச்சுட்டா மிச்சத்துல பாதிக்கு மேல கொழுப்பு.”

சம்பந்தி கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். “யார்ரா இந்த ஆளு? பொண்ணு வூட்டுக்காரன் ஆள் வெச்சு என்னப் பேச வெக்கறானா?”

“கோவிச்சுக்காதீங்க. உங்க சம்சாரத்துக்கும் அதே கொழுப்புதாங்க.”

நான் மட்டும் குரல் கொடுத்து அடக்கியிருக்காவிட்டால் பாயசம் வருவதற்குள் கல்யாணம் நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை பாயிடம் முதல் ஆளாக நிற்பதும் இவர்தான். “பாய், மூளை இருக்கா?”

“அது இருந்தா நீங்க வர்ற நேரத்துல கடையத் தொறப்பனா சார்?”

பாய் இந்தப் பதிலை வாராவாரம் சொல்வார். வாராவாரம் இவருக்கு அது புரியாது. அறுத்த ஆடுகளின் மூளை அத்தனையையும் வாரிக்கொண்டு மாடி ஏறிவிடுவார். நாலு வீட்டில் அன்றைக்கு மூளை வறுவல் கிடையாது. மேலே என்ன நடக்கும் என்றால், அதை அரைத்து, மூக்கைப் பொசுக்குகிற ஏதோ மருந்தில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் பொட்டு வைத்து, மேலே எதையோ தெளித்துச் சூடு காட்டுவார். கடைசியில் நூல் கனத்தில் ஊதாவாக ஒரு கோடு தெரியும். பெற்ற பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு கீழே வருவார்.

“பாத்தீங்களா மண்டிக்காரரே! இதான் நரம்பு மேல இருக்கற சர்க்கரைக் கொழுப்பு! செல்லச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. அந்தச் சவ்வுல கொழுப்பு. கொழுப்போட தலையில சர்க்கரைக் கொத்து. அது வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். செல்லுக்கு அதான் அடையாளம். அங்க ஒரு கோளாறுன்னா நரம்பே போச்சுங்க!”

“அத்தனை மூளையும் இந்தக் கோட்டுக்குத்தானா சார்? மிளகு போட்டு வதக்கியிருந்தா நாங்க எட்டுப் பேர் சாப்பிட்டிருப்பமே!”

அவர் வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் வராத பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நான் வீட்டுக்காரன், எங்கே ஓடுவது? மோட்டார் போடுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

இப்படி இருக்கும்போது ஒரு காதுகுத்து விருந்து. முழுக்கோழி சுட்டு வைத்தார்கள். உள்ளே வேகவில்லை என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். ஒதுக்குகிற ஆளா நான்? மூன்று நாள் வயிற்றால் போனது. அதுவும் சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு காலை, மண்டிக்கு நடந்து போகிறேன். ஒரு செருப்பு கழன்று எங்கோ விழுந்துவிட்டது, எனக்குத் தெரியவே இல்லை. உள்ளங்கால் மரத்திருந்தது. மறுநாள் படி ஏற முடியவில்லை. அதற்கு மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்கிய கால், இரண்டு வாழைத்தண்டு மாதிரிக் கிடந்தது.

வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. என் சம்சாரம் வாயு என்றாள். பங்காளி வாதம் என்றான். எண்ணெய் போட்டு நீவிக் கட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், ஒரு மண்டலம் அங்கேயே தங்கினால் எழுந்து ஓடலாம் என்று சொல்லி வண்டியும் கொண்டுவந்துவிட்டான். அப்போதுதான் கொழுப்பு சார், மாடியில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல இறங்கி வந்தார்.

என்னைப் பார்த்தார். “பத்து நாளைக்கு முன்னாடி வயித்தால போச்சுங்களா?”

என் சம்சாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “குறி சொல்றாப்புல சொல்றாரே!”

சமையல்கட்டிலிருந்து பூரிக்கட்டையை வாங்கி, தொங்கிக்கொண்டிருந்த என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தானாக உதைக்க வேண்டுமாம். உதைக்கவில்லை. அடுத்த காலும் அப்படியே. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “அருமைங்க! அருமையான கேஸு!” என்றார். சாகக் கிடக்கிறவனைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பிறகு என்ன தோன்றியதோ, பூரிப்பு வடிந்தது.

“ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, பாக்கலாம்.”

ஏலக்காரனிடம் போய் இதைக் கேட்கிறார்! நூறு எண்ணிக் காட்டலாம் என்று ஆரம்பித்தேன். நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது.

“எண்ணெய் தடவ நேரமில்லீங்க. காலு போனா திரும்பி வரும். இது நெஞ்சுக்கு ஏறுச்சுன்னா மூச்சு நின்னுடும். சேலம் பெரிய ஆஸ்பத்திரி, இப்பவே போகணும்.”

“மூளை வாங்கறவரு பேச்சக் கேட்டு நீ போவியாண்ணா?” என்றான் பங்காளி.

நான் சாரை நம்பவில்லை. அந்த நாற்பத்தொன்றை நம்பினேன். “வண்டிய சேலத்துக்கு விடுடா” என்றேன்.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றுபோய், பின்னால் எல்லா வண்டியும் நின்றன. அதற்காக, கூடவே வண்டியில் ஏறிக்கொண்ட சார் வாயை நிறுத்தவில்லை. “எண்ணுங்க” என்பார், முப்பத்திரண்டு. உடனே பாடம் ஆரம்பமாகும். “நீங்க தின்ன கோழியில ஒரு கிருமிங்க. அதுக்கு மேலயும் நரம்புல இருக்கற அதே சர்க்கரை. உங்க ஒடம்பு கிருமிய அடிக்கறதா நெனச்சு நரம்ப அடிக்குது.” மறுபடி, “எண்ணுங்க.” இருபத்தாறு.

“நிறுத்துங்க சார். என் மூட்டைக் குறியத் திருட்டுப்பய ஒருத்தன் அவன் மூட்டையில போட்டுட்டான். வாட்ச்மேன் குறியப் பாத்து என் மூட்டையவே கிழிக்கறான். அவ்ளோதான?”

அவர் என்னையே பார்த்தார். “இத்தனை வருஷமா நான் இப்படிச் சொன்னதில்லீங்களே!”

மூன்றாம் வகுப்பு என்றால் என்ன என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்கும்.

டோல்கேட் தாண்டி இன்னொரு தடவை எண்ணினேன். பத்தொன்பது. அதற்கப்புறம் அவர் பாடம் எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என் கையை மட்டும் பிடித்திருந்தார். அந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயம் வந்ததும் அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பதினாலு. டாக்டர்கள் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, சார் சொன்னதையே சொன்னார்கள். ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியது. மூச்சு மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தயாராக வைத்தார்கள். எண்ணிக்கை பதினொன்று வரை போய், அங்கேயே நின்று, மெதுவாக மேலே ஏறியது. என்னைக் காப்பாற்றியது மருந்தும் டாக்டர்களும்தான். இவரைத் தூக்கி வைத்து ஆட நான் தயாரில்லை. ஏனென்றால், எழுந்து ஓட முடியாத ஓர் ஆளை வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தவருக்கு நான் கிடைத்துவிட்டேன். பார்வையாளர் நேரம் தொடங்கியதும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், நர்ஸ் வந்து விரட்டும்வரை சவ்வு, சர்க்கரை, கொழுப்பு. வார்டில் மற்ற நோயாளிகள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். என் கைக்கு அந்த பலமும் இல்லை.

நர்ஸ் கேட்டாள், “தாத்தா, இந்த சார் உங்க தம்பிங்களா?”

“இல்லம்மா. இதுவும் ஒரு வியாதிதான். இதுக்கு மருந்து இல்லியாம்.”

வீட்டுக்கு வந்து, வாக்கர் பிடித்து, பிறகு கம்பு பிடித்து நடக்க மாதங்கள் ஆயின. குரல் முதலில் திரும்பியது. அது யாருடைய குரல்! முழங்கால்தான் தட்டினால் ஊமையாகவே இருந்தது. இனி அது வராமலும் போகலாம், நடக்கிறீர்கள், அது போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சார் விடவில்லை. தினமும் காலையில் சின்னச் சுத்தியலோடு இறங்கி வந்து, வாசலில் என் முன்னால் குந்தி, முழங்காலைத் தட்டி, கால் அசையாததைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போவார்.

போன மாதம் ஒரு காலை, தட்டினார். என் கால் விருட்டென்று எகிறி அவர் மூக்குக் கண்ணாடியைத் தெருவுக்கு அனுப்பியது. மல்லாந்து விழுந்தவர் எழுந்து, கண்ணாடிகூட எடுக்காமல் தெருவில் ஓடினார்.

“உதைச்சுட்டாரு! மண்டிக்காரரு என்னை உதைச்சுட்டாரு!”

தெருவே கூடிவிட்டது. கறிக்கடை பாய் கத்தியோடு ஓடிவந்தார். “என்னா பெரியவரே, வாடகைக்கு இருக்கறவர இப்டியா?”

“ரொம்ப நாளா ஒதைக்கணும்னு இருந்தாரு, இன்னிக்கு ஒதைச்சுட்டாரு” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“இல்லீங்க பாய்,” சார் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நரம்பு வந்துடுச்சுங்க. அது எப்படி வருதுன்னா, அந்தச் சவ்வு இருக்கு பாருங்க...”

கூட்டம் எந்தத் திசையில் கலைந்தது என்றே தெரியவில்லை. பாய் கத்தியைக்கூட மறைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். தெருவில் கண்ணாடி இல்லாமல், கையில் சுத்தியலோடு அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் நடந்து போய்க் கண்ணாடியை எடுத்து, வேட்டியில் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டேன். வாசலுக்குக் கூட்டிவந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“உக்காருங்க சார். அந்தச் சவ்வு... அப்புறம்?”