நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்

"பெரியவராலயே முடியலன்னா..." என்று மாமனார் இழுத்தார்.

அந்த இழுவைதான் சின்ன மாப்பிள்ளையை உசுப்பிவிட்டது. பெரிய மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். போன வாரம் வந்தவர், மாமனாரின் உயிர் வராத லேப்டாப்பை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "தேறாது மாமா" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். சின்னவர் டைல்ஸ் கடை மேலாளர். கடை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை உருவி எடுத்ததிலிருந்து தன்னைப் பற்றி அவருக்கு ஓர் உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. சகலையை மிஞ்ச இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது.

"எப்படி ஆச்சு மாமா?"

"அப்டேட் ஓடிட்டிருக்கேன்னு குளிக்கப் போனேன். வந்து பாத்தா இப்படிக் கிடக்கு."

"ஓஎஸ்ஸைப் புதுசாப் போட்டா எழுந்து உக்காந்துடும். நான் பாத்துக்கறேன்."

"உள்ள என் சுயசரிதை இருக்கு மாப்பிள்ளை. நானூத்திப் பன்னெண்டு பக்கம்."

மாமனார் முப்பத்தைந்து வருடம் லிப்ட் ஆய்வாளராக இருந்தவர். ஏறி இறங்கிய லிப்ட் ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் அன்றைக்கு எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டுவார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம்தான் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த பக்கத்தை யோசிக்க மாமனார் பால்கனிக்குப் போனார். சின்னவர் வேலையை ஆரம்பித்தார். பேட்டரி செத்து, சுவர் ஒயரை நம்பியே ஓடும் கிழட்டு லேப்டாப் அது. 'தானே சரிசெய்' என்ற பொத்தானை அழுத்தினார். ஒரு மணி நேரம் சக்கரம் சுற்றியது. பிறகு, முடியவில்லை என்று கைவிரித்தது.

மேஜை இழுப்பறையில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. அதைச் சுத்தமாக அழித்து, தன் லேப்டாப்பிலிருந்து ஓஎஸ்ஸை அதில் ஏற்றினார்.

மாமியார் காபியோடு வந்தார். "எல்லாம் அழிஞ்சிடுமா மாப்பிள்ளை?"

"சேச்சே, பயப்படாதீங்க அத்தை."

காபி ஆறிப்போயிருந்தது.

ஓஎஸ்ஸை எங்கே போடுவது என்று திரை கேட்டது. நான்கு இடங்களைக் காட்டியது. எதைத் தொட்டாலும் இங்கே போட முடியாது என்றது. எரிச்சலில் நான்கையும் அழித்தார். அதன்பிறகு வேலை மடமடவென்று நடந்தது. பாதியில்தான், அழித்தது என்ன என்று அவருக்குச் சுரீரென்று உறைத்தது.

"அத்தை, மாமா வேற எங்கயாவது ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்காரா?"

"இழுப்பறையில ஒரு பென் டிரைவ்ல இருக்கே."

லேப்டாப்பின் விலாவில் சொருகியிருந்ததைச் சின்னவர் பார்த்தார். மாமியாரும் பார்த்தார்.

"அதுவும் போச்சா?"

"போச்சு அத்தை."

"போனா போகுது, நீங்க மனசை விடாதீங்க. மாமாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

ஆவி பறக்க இன்னொரு காபி வந்தது. கூடவே ஒரு தட்டு பிஸ்கட்.

சின்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. கணவனின் ஆயுள் உழைப்பை அழித்தவனிடம் ஒரு கடுஞ்சொல் உண்டா? இந்த நல்ல மனுஷிக்காகவாவது அதை மீட்டே தீருவது என்று முடிவு செய்தார்.

அந்த வெறியில்தான் ஞாபகம் வந்தது. ஞாயிறு தவறாமல் மாமனார் ஒரு மெயில் அனுப்புவார். 'இதுவரை எழுதியது. படித்துவிட்டுச் சொல்லவும்.' போனில் தேடினார். நாற்பத்து மூன்று மெயில்கள், ஒன்றுகூடத் திறக்கப்படாமல் இருந்தன. கடைசியாக வந்ததைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அலுங்காமல் இருந்தது.

மாமனார் அவரைக் கட்டிக்கொண்டார். "பெரியவரால ஆகாததைச் சாதிச்சிட்டீங்க மாப்பிள்ளை."

"இனிமே தொலையவே தொலையாது மாமா. அஞ்சு இடத்துல காப்பி போட்டுட்டேன்."

"எதுக்கும் முதல் பக்கத்துலேர்ந்து சத்தமா வாசிச்சு, சரியா இருக்கான்னு பாத்துடறேன்." மாமனார் மனைவியின் பக்கம் திரும்பினார். "கைவேலையை முடிச்சிட்டு வந்து உக்காரு."

அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். மாமியார் பிஸ்கட் தட்டை எடுத்தார். பாதி குடித்திருந்த காபியையும் எடுத்தார்.

"சகலைக்கு லேப்டாப்பைப் பத்தி ஒண்ணுமே தெரியல, பாத்தீங்களா அத்தை?"

"தெரியாம என்ன? அப்டேட் ஓடறப்போ ஒயரைப் பிடுங்கினாப் போதும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்."