பச்சைக் குழந்தை பராமரிப்பில் தேறிய ஆண்கள்

அந்த யோசனை எனக்கு உதித்தது ஒரு பௌர்ணமியன்று, போலீஸ் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்த ஸ்கூட்டரில். முன்னால் நான். பின்னால் என் அக்கா கலைவாணி. அவள் மடியில் துண்டில் சுற்றிய ரப்பர் குழந்தை. கிரிவலத்துக்கு வந்த ஜனம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. எங்களைக் கடந்த ஓர் அம்மாள், "புள்ளைக்கு மூச்சு முட்டப்போவுது, துணிய வெலக்கும்மா" என்று அதட்டிவிட்டுப் போனார். அக்கா பணிவாக விலக்கினாள்.

அக்கா முன்பு நர்ஸாக இருந்தவள். இப்போது கீழ்பென்னாத்தூரில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பிரசவமான தாயையும் பச்சைக் குழந்தையையும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான பயிற்சி. கழனி வேலைக்குப் போகிறவர்கள்தான் அவளிடம் படிக்கிறார்கள். அன்று அவர்கள் அங்கே காத்திருக்க, நாங்கள் ஊரெல்லையில் இருக்கும் வேங்கிக்காலையே தாண்டவில்லை.

"போன பௌர்ணமிக்கும் இதே கதைதான். பாதி பேரு வேலைய விட்டுட்டு வந்து ஒக்காந்திருப்பாங்கடா."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். (பெரிய யோசனை வந்தால் எனக்குத் தலை சூடாகிவிடும்.)

"அக்கா, நீ போகவே வேணாம். பாடம் போவட்டும். ஆன்லைன்ல."

அக்கா குழந்தையைப் பார்த்தாள். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

கணினி படித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, உலகத்தைத் திருத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று தோன்றியது. ஆன்லைன் பாடம் தயாரிக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கி ஆராயத் தொடங்கினேன். செங்கம் ரோட்டில், ருத்திராட்சம் போட்ட வெள்ளைக்காரர்கள் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு காபிக் கடையில்தான் அந்த ஆராய்ச்சி நடந்தது. அவர்கள் முக்தியைத் தேடினார்கள். நான் இலவச சோதனைக் காலத்தைத் தேடினேன். இரு தரப்பின் முகத்திலும் ஒரே தீவிரம்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பரம சாது. படம், குரல், கேள்வி, ஆரம்பத்தில் பெயரைப் பதியச் சொல்லும் ஒரு கட்டம், அவ்வளவுதான். இன்னொன்றில் பாடம் நடத்த ஒரு பொம்மை டீச்சர் இருந்தாள். சரியான பதிலுக்குக் கை தட்டுவாள், தவறான பதிலுக்கு உதட்டைப் பிதுக்குவாள். பெயரும் கடவுச்சொல்லும் டைப் அடிக்க வேண்டாம். போனில் இருக்கும் மெயில் கணக்கை ஒரு முறை தொட்டால் போதும், உள்ளே போய்விடலாம். எல்லாவற்றுக்கும் மேல், பாடம் முடிந்ததும் என் கணக்கில் தானே வந்து விழும் ஒரு சான்றிதழ். அதை யாராலும் திருத்த முடியாது. தயாரித்தவராலும்கூட. அந்த வரியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அக்காவிடம் இரண்டையும் காட்டினேன். மாமா (அக்காவின் கணவர், வேன் ஓட்டுகிறவர்) வீட்டிலிருந்ததால் அவர் போனிலேயே அக்கா மாதிரிப் பாடங்களைப் பார்த்தாள். பிறகு பொம்மை டீச்சரைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல பேரு எங்கடா போடுவாங்க?"

"அதெல்லாம் அதுவே எடுத்துக்கும்க்கா."

"எங்கேர்ந்து?"

"போன்லேர்ந்து. நீ பாடத்தப் பாரு, டெக்னிக்கல் சைடு என் கைல விடு."

விட்டாள். பாவம்.

பொம்மை டீச்சர் மென்பொருளிலேயே பாடங்கள் தயாராயின. குழந்தையைக் குளிப்பாட்டுவது, தொப்புளைச் சுத்தமாக வைப்பது, தாய்க்குக் காய்ச்சல் கண்டால் யாருக்குச் சொல்வது என்று எல்லாம் அக்காவின் குரலில். பெண்களுக்கு அனுப்புமுன் அக்கா மாமா போனிலேயே கடைசிப் பாடம்வரை போய்ச் சோதித்தாள். பெண்களும் ஆர்வமாகப் படித்தார்கள். எல்லாரையும்விட வேகம் தேவகியம்மா. கணவர் இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகளைக் கழனியில் இறக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வேலையை நம்பியிருந்தவர். ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, அந்தப் பொம்மப் பொண்ணு என்னப் பாத்து கை தட்டுதுப்பா. பள்ளிக்கூடத்துல கூட எனுக்கு யாரும் தட்டுனதில்ல."

போனை வைத்ததும் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். யார் எதுவரை படித்தார்கள் என்று காட்டும் பச்சைக் கோடுகள் கம்ப்யூட்டர் திரையில் நீண்டுகொண்டே போயின. நான் கோடுகளை மட்டுமே பார்த்தேன், அவற்றின் பக்கத்தில் இருந்த பெயர்களைப் பார்க்கவில்லை. ஆள் எண்ணிக்கை கொஞ்சம் கம்மியாகத் தெரிந்தது. ஆன்லைன் படிப்பில் சிலர் பாதியில் விடுவது உலக வழக்கம் என்று எங்கோ படித்திருந்ததால் கவலைப்படவில்லை.

சென்னையில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்திலிருந்து மேடம் ஒருவர் வந்தார். சான்றிதழையும் ஆதார் அட்டையையும் சரிபார்த்து அன்றே ஆள் எடுப்பதாகப் பேச்சு. கீழ்பென்னாத்தூரில் அக்கா வகுப்பு எடுக்கும் மாடி ஹாலில் பெண்கள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழ்களை நேராகப் பிரிண்ட் கடைக்கு அனுப்பி, கவரில் போட்டு ஒட்டி வாங்கி வந்திருந்தேன். பெயர்களை நான்தான் மைக்கில் படிப்பேன் என்று பிடிவாதமும் பிடித்திருந்தேன்.

முதல் கவரைப் பிரித்தேன்.

"தாய் சேய் பராமரிப்பில் முதல் வகுப்பில் தேறியவர்..." குரலை உயர்த்தினேன். "மாஸ் மணி!"

யாரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கை தூக்கினார். "அது எங்க வூட்டுக்காரருங்க. போனு அவருது."

அடுத்த கவர். "செஞ்சி ரோடு சிங்கம்."

"எம் புள்ளைங்க. பத்தாவது படிக்கிறான்."

அடுத்ததில் இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல்போன் கடையின் பெயர். ஒரு வரிசையே எழுந்து நின்றது. "நாங்கல்லாம் அங்கதான் போனு வாங்குனோம். மெயிலு அவருதான் போட்டுக் குடுத்தாரு." அத்தனை பேர் இராப்பகலாகப் படித்ததை எல்லாம் அந்தக் கடை ஒற்றை ஆளாகப் படித்துத் தேறியிருந்தது.

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. மேடம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. (பதற்றம் வந்தால் நான் கையிலிருக்கும் வேலையை இன்னும் வேகமாகச் செய்வேன்.) அடுத்த கவரைப் பிரித்து, "ஏழுமலை" என்றேன்.

சிரிப்பு பட்டென்று நின்றது.

தேவகியம்மா எழுந்து வந்தார். என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, எழுத்தின்மேல் விரலை வைத்து ஒரு முறை படித்தார்.

"அவுரு போயி வருசம் ஆச்சு. போனு மட்டும் இருந்துச்சு" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "உசுரோட இருந்தப்ப ஒரு நாளு புள்ளையத் தூக்கினதில்ல. இப்ப பாரு, பாஸ் பண்ணிட்டாரு."

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"எம் பேரு எங்க தம்பி?"

நான் அக்காவைப் பார்த்தேன். அதே கேள்வியை அவள் எப்போதோ கேட்டிருந்தாள். இப்போது அவள் ரப்பர் குழந்தையின் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மேடம் கெட்டவர் இல்லை. "இவங்களுக்கு வேலை தெரியும்னு பாத்தாலே புரியுது. ஆனா ஆதார்ல ஒரு பேரு, சர்டிபிகேட்ல ஒரு பேரு இருந்தா, கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு நான் எப்படி அனுப்புவேன்?" என்றார். யாரையும் எடுக்காமல் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார். கார்த்திகை தீபம் முடிந்து மறுபடி வருவதாகச் சொன்னார்.

அன்றே மென்பொருள் கம்பெனிக்கு எழுதினேன். திருத்த முடியாததுதான் அந்தச் சான்றிதழின் சிறப்பு என்று அன்பாகப் பதில் வந்தது. கூடவே பொம்மை டீச்சர் கை தட்டும் படம்.

மறுநாள் தேவகியம்மா கழனிக்கே மல்லாட்டை (வேர்க்கடலை) பறிக்கப் போய்விட்டார் என்று அக்கா சொன்னாள். அதன் பிறகு அக்கா என்னிடம் பேசிய வார்த்தைகள் எல்லாம் சாப்பாடு சம்பந்தப்பட்டவை.

சான்றிதழ் கிடைத்தவர்களில் சந்தோஷமாக இருப்பவர் மாமா ஒருவர்தான். அக்கா அவர் போனில் சோதித்துப் பார்த்ததில் அவரும் தேறியிருந்தார். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வேனில் மாட்டிவிட்டார். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், "மாமாவக் கூப்புடு, படிச்சவரு, அவரு குளிப்பாட்டட்டும்" என்று பிள்ளையை அவர் கையில் கொடுக்கிறார்கள். என்னைக் கண்டால், "தம்பி, உம் பேரு இன்னா? நீயே சொல்றியா, போனப் பாத்துக்கட்டுமா?" என்கிறார்கள்.

நான் அந்தச் சாது மென்பொருளுக்கே திரும்பிவிட்டேன். இந்த முறை காபிக் கடைக்குப் போகவில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறி, ஒவ்வொரு வீட்டிலும் போன் யாருடையது, எப்போது கைக்கு வரும் என்று கேட்டுவிட்டு வந்தேன். பாடம் தொடங்குவதற்கு முன் அக்காவின் குரல் கேட்கும்: "உங்க பேரு இன்னா? சொல்லுங்க." பதில் பதிவானால்தான் அடுத்த பக்கம். ஒரே போனில் எத்தனை பேர் படித்தாலும் தனித்தனிப் பெயர்.

தேவகியம்மாவிடம் அதைக் காட்டியபோது அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஏழுமல சம்சாரம் தேவகி" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பொத்தானை மறுபடி அமுக்கி, "தேவகி" என்றார்.

திங்கட்கிழமை முதல் பாடம் தொடங்குகிறது. தீபத்துக்குப் பிறகு மேடம் வரும் நாளில் மைக் என் கையில் இருக்காது என்று அக்கா தீர்மானித்துவிட்டாள். அவரவர் பெயரை அவரவரே சொல்லிச் சான்றிதழை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. தேவகியம்மா இப்போதே கழனியில் சொல்லிப் பழகுகிறாராம், சத்தமாக.