நிலவில் விழுந்தது யார் நிழல்?

அந்திநாடு என்றொரு நாடு இருந்தது. மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் மலை. குடிமக்களுக்கு எல்லா உரிமைகளும் இருந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல்கூட நடந்தது. வாக்குச்சீட்டில் 'ஆம்', 'மிகவும் ஆம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எதில் முத்திரை குத்துவது என்பது அவரவர் விருப்பம். கருத்து வேற்றுமைக்கு இடமளிக்கும் நாடு என்று அரசு பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

மன்னரின் கொடியில் முழுநிலவு பொறிக்கப்பட்டிருந்தது. ஓர் ஆண்டு முடிசூட்டு விழாவன்று வானத்தில் நிலவு பாதியாக வந்து நின்றது. வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கொடியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டார். மறுநாள் அவையில் கல்வி அமைச்சர் பேரொளிராயர் எழுந்தார்.

"மன்னர் பெருமானே, நமது நிலவு இயல்பிலேயே முழுமையானது. அது தேய்ந்து காணப்படுகிறதென்றால் அதன்மேல் நிழல் விழுகிறது என்று பொருள். மேற்கே மலைக்குடி நாட்டின் மலைகளைத் தவிர, அவ்வளவு பெரிய நிழலை உண்டாக்கும் தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?"

அவை எழுந்து நின்று கைதட்டியது. அன்று மாலையே அது பாடமாகிவிட்டது.

அந்திநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எந்தத் துறையில் சேர்ந்தாலும், முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் அடிப்படை வானியல் படித்தாக வேண்டும். பெரிய மண்டபத்தில் பேராசிரியர் விரிவுரை ஆற்றுவார். பிறகு மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடல் வகுப்புக்குப் போவார்கள். அந்த வகுப்புகளை நடத்துவது ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களுக்கு விண்மீன்களைப் பற்றித் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்களை என்ன செய்வது என்று தெரியாது. அதற்கு அவர்களைப் பழக்கும் வேலையைப் பேராசிரியர்கள் யாரும் விரும்பாததால், அது அலர்மேலுவிடம் வந்து சேர்ந்தது. அவள் வால்மீன்களை ஆராய்ந்து அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். பயிற்சிக்கு வருபவர்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ஆண்டுப் பயிற்சிக்கு வந்தவர்களில் குருபரன் என்பவன் அமைச்சர் பேரொளிராயரின் தங்கை மகன். கெட்டிக்காரன், ஆனால் வாயை மூடத் தெரியாதவன். பயிற்சி வகுப்பில் அவனை எழுந்து நடத்தச் சொன்னால், கேள்வியைக் கேட்டு, மூச்சு விடுவதற்குள் பதிலையும் சொல்லி, அந்தப் பதில் ஏன் சரி என்று விளக்கி, தன்னைத்தானே பாராட்டியும் கொள்வான்.

"குருபரா, நீ யாரைக் கேட்ட?" என்றாள் அலர்மேலு.

"இவங்களத்தான்க்கா."

"அவங்க வாயத் தொறக்கவே இல்லையே."

"பதில் வரலைக்கா. எவ்வளவு நேரம் சும்மா நிக்கறது? அசிங்கமா இருக்கு."

"அசிங்கம் உனக்குத்தானே? அவங்க யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. நீ நடுவுல புகுந்து அதக் கெடுக்குற."

அவள் அவர்களைப் பழக்கியது பெரும்பாலும் இதற்குத்தான். கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது. முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச விடுவது. தவறான பதில் வந்தால் முகம் சுளிக்காமல் 'ஏன் அப்படித் தோணுது?' என்று கேட்பது. கேட்கும்போது எளிதாகத் தெரிந்தது. செய்யும்போது எல்லோருக்கும் வியர்த்தது. குருபரன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தான். அப்படியும் பதில் பல் இடுக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

ஒருநாள் அமைச்சர் பயிற்சிக் கூடத்தைப் பார்வையிட வந்தார். அவர் நுழைந்த சமயம் ஒருத்தி கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அறை முழுக்க நிசப்தம். அமைச்சர் மெய்சிலிர்த்துப் போனார்.

"ஆகா! வகுப்பறை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். கேள்வி எழுந்தும் எவரும் வாய் திறக்கவில்லை! இந்தப் பயிற்சிக்கு அரசின் முழு ஆதரவு உண்டு."

அலர்மேலு அவரைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அன்றே கூடத்தைப் பூட்டியிருப்பார்கள்.

இதற்கிடையில் ஊரில் ஆணைகள் தொடர்ந்து வந்தன. நிழல் பாடத்தைப் படித்த மக்கள், மலை இருப்பது மேற்கே, நிலவு கிழக்கே உதிக்கும்போதே தேய்ந்து வருகிறதே என்று முணுமுணுத்தார்கள். உடனே இரவில் அண்ணாந்து பார்க்கத் தடை வந்தது. குனிந்தே நடந்து பழகிய மக்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள். விண்மீன் பார்த்துப் படகோட்டிய பரிசல்காரர்கள் அக்கரைக்குப் பதிலாக இக்கரையிலேயே வேறோர் இடத்தில் ஒதுங்கினார்கள். கழுத்து வலி ஊர் நோயாயிற்று. கழுத்து வலியும் மலைக்குடி நாட்டின் சதி என்று அறிவித்த அரசு, வீட்டுக்கு ஒருவரை மலைக்குறைப்புப் படைக்கு அனுப்ப வேண்டும் என்று அடுத்த ஆணையைப் போட்டது. கடப்பாரையோடு எல்லைக்குப் போய், நிழல் விழாத உயரத்துக்கு மலைகளை வெட்ட வேண்டும். மலைக்குடி நாட்டார் அதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆணையில் மட்டும் அது இல்லை.

முதலாண்டு மாணவர்கள் தேர்வு முடிந்ததும் அந்தப் படையோடு புறப்பட வேண்டும். புறப்படுமுன் நிழல் பாடம் அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறதா என்று கலந்துரையாடல் வகுப்பில் உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஒரு மாதிரி வகுப்பைத் தம் மருமகனே நடத்துவான், தாமே வந்து பார்ப்போம் என்று அமைச்சர் சொல்லியனுப்பினார்.

குருபரன் முகம் வெளுத்து அலர்மேலுவிடம் வந்தான்.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்? மாமா சொன்னதச் சொன்னா, அந்தப் பசங்க கடப்பாரையத் தூக்கிட்டுச் சாகப் போவாங்க. தப்புன்னு சொன்னா, அம்மாவ மாமா வீட்டு வாசப்படி ஏற விடமாட்டார்."

அலர்மேலுவுக்கும் பயமாக இருந்தது. வேலை போகும், அதற்கு மேலும் என்ன போகும் என்று தெரியாது.

"நீ எதுக்குச் சொல்லணும்?" என்றாள் கடைசியில். "சரின்னும் சொல்லாத, தப்புன்னும் சொல்லாத. அவங்க கையில ஏதாவது குடு. பார்க்கட்டும். ஆனா ஒண்ணு, யாராவது கேட்டா நீ வாயத் தொறக்கக் கூடாது. உன்னால முடியுமா?"

"முடியாதுக்கா," என்றான் குருபரன் உண்மையாக.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. சரி, நாளைக்கு மறுபடி பழகுவோம்."

மாதிரி வகுப்பைக் குருபரன் காலையில், திறந்தவெளி முற்றத்தில் வைத்தான். கிழக்கே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. தென்மேற்கு வானத்தில் பாதி நிலவு வெள்ளைத் துணி ஒட்டியதுபோல் நின்றது. ஆணையில் இரவில் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தது; பகலிலும் நிலவு வரும் என்பது அதை எழுதிய அதிகாரிக்குத் தெரியாது. அமைச்சர் பரிவாரத்தோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார். அலர்மேலு ஓரமாக நின்றாள்.

குருபரன் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்தான்.

"கைய நீட்டி, பழத்த நிலாவுக்குப் பக்கத்துல பிடிங்க. பழத்துல எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கு, எந்தப் பக்கம் இருட்டா இருக்குன்னு பாருங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசுங்க."

முற்றம் முழுக்க நீட்டிய கைகள். முதலில் சிரிப்பு, அப்புறம் சலசலப்பு, அப்புறம் வேறு மாதிரிச் சத்தம்.

"ஏய், என் பழமும் பாதிதான் தெரியுது!"

"நிலா மாதிரியே இருக்குடி. அதே பக்கம் வெளிச்சம், அதே பக்கம் இருட்டு."

"சூரியனப் பார்த்த பக்கம் வெளிச்சம். அவ்வளவுதானே?"

பொற்கொடி என்ற மாணவி, நெசவுத்துறையில் சேர்ந்தவள், பழத்தைக் கீழே இறக்காமலே கேட்டாள்:

"அண்ணா, என் கைக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்ப இந்தப் பழத்து மேல எந்த மலையோட நிழல் விழுது?"

எல்லாக் கண்களும் குருபரனைப் பார்த்தன. அமைச்சர் புன்னகையோடு முன்னால் சாய்ந்தார்.

"சொல்லு மாப்பிள்ளை. சந்தேகத்தைத் தீர்த்து வை."

குருபரன் வாயைத் திறந்தான். பதில் நாக்கின் நுனிவரை வந்து நிற்பது அலர்மேலுவுக்குத் தெரிந்தது. அவன் கைகளைப் பின்னால் கட்டி, விரல்களை நெரித்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுடா!" என்றார் அமைச்சர்.

அவன் சொல்லவில்லை. நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது. மாணவர்கள் மெதுவாக அவனை விட்டுவிட்டு, பழத்தைப் பார்த்தார்கள், நிலவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பரிவாரத்தில் வந்த எழுத்தர் ஒருவர் தம்மை மறந்து, நிலவுக்கு நேராகக் கையில் இருந்த மைக்கூட்டைத் தூக்கிப் பிடித்தார். அமைச்சரே ஒருகணம் அண்ணாந்து பார்த்துவிட்டார். பார்த்தவர் முகம் மாறியது. "வகுப்பு முடிந்தது," என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகும் குருபரன் அதே இடத்தில் நின்றான். அலர்மேலு அருகே வந்தாள்.

"முடிஞ்சுதா அக்கா? இப்பப் பேசலாமா?"

"பேசு."

அவனுக்குப் பேச ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாள் அலர்மேலு வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். பயிற்சிக் கூடம் பூட்டப்பட்டது. குருபரனின் தாய் அண்ணன் வீட்டு வாசலில் நின்று திரும்பி வந்தாள். ஆனால் மகனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அடுத்து, நாட்டு நலன் கருதி எலுமிச்சம்பழம் தடை செய்யப்பட்டது. அதுவரை நிலவைப் பற்றிக் கவலைப்படாத மக்கள்கூட அன்றுதான் யோசிக்கத் தொடங்கினார்கள். ஊறுகாய்க்காரர்கள் காரணம் கேட்டார்கள். காரணம் சொல்ல ஆளில்லாததால் மாணவர்கள் சொன்னார்கள். பழம் இல்லாத இடத்தில் வெங்காயத்தைப் பிடித்தார்கள். மொட்டைத் தலை உள்ளவர்கள் வெயிலில் நின்று உதவினார்கள்.

ஆனாலும் படை புறப்பட்டது. ஆணை ஆணைதான். பொற்கொடியும் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். எல்லைக் கணவாயில் அவர்களுக்கு எதிரே மலைக்குடி நாட்டுப் படை நின்றது. அவர்கள் வயதும் இவர்கள் வயதும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் யாரும் முதல் கல்லை எடுக்கவில்லை. காலை வெயிலில் நிலவு மெலிந்து நின்றது.

பொற்கொடி கையை வாய்க்கருகே குவித்துக் கூவினாள்: "ஏங்க! நிலா ஏன் தேயுதுன்னு உங்க ஊர்ல என்ன சொல்லிக்குடுத்தாங்க?"

எதிர்ப்பக்கம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஓர் இளைஞன் கொஞ்சம் கூச்சத்தோடு பதில் கூவினான்:

"உங்க ராஜாவோட அரமனைக் கோபுரத்து நிழல்னு சொன்னாங்க. அத இடிக்கத்தான் வந்திருக்கோம்!"

இரண்டு படையினரும் தங்கள் கையில் இருந்த கடப்பாரைகளைப் பார்த்தார்கள். பிறகு பொற்கொடி உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு கணவாயின் இந்தச் சுவரில் பட்டு அந்தச் சுவருக்குப் போனது. அன்று மதியம் இரு படைகளும் ஒரே அடுப்பில் சமைத்தன. மாலையில் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். இரண்டு நாட்டுச் சிறைகளிலும் அத்தனை பேரை அடைக்க இடமில்லாததால் யாரையும் அடைக்கவில்லை.

அரசுகள் தவறு செய்வதில்லை. ஆகவே இரு நாட்டு அமைச்சர்களும் கணவாயில் பந்தல் போட்டுச் சந்தித்து, கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். நிழல் அந்திநாட்டினுடையதும் அல்ல, மலைக்குடி நாட்டினுடையதும் அல்ல. அது தெற்கே இருக்கும் மணற்கரை நாட்டு மலைகளின் நிழல் என்று இரு தரப்பு வல்லுநர்களும் ஒருமனதாகக் கண்டறிந்துவிட்டார்கள். இந்தப் புதிய பாடத்தை இரு நாட்டிலும் உடனே பரப்ப வேண்டும். பரப்ப ஆள் வேண்டும். ஆளுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி தர வேறு யாரும் கிடைக்காததால், பேரொளிராயர் கூடத்தின் பூட்டைத் திறந்து அலர்மேலுவையே மறுபடி அமர்த்தினார்.

"இம்முறை பிழை நேரக்கூடாது," என்றார் அவர்.

"நேராதுங்க ஐயா," என்றாள் அலர்மேலு.

பயிற்சி தொடங்கிய நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. மலைக்குடி நாட்டு ஆராய்ச்சி மாணவர்கள் வந்திருந்தார்கள். குருபரன் இப்போது அவளுக்குத் துணைப் பயிற்றுநர். புதிதாக வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, வாசலில் தூசி படிந்த காலோடு ஒரு பெண் வந்து நின்றாள். நெடுந்தூரம் நடந்து வந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க. எந்த ஊரு?" என்று கேட்டாள் அலர்மேலு.

"மணற்கரைங்க."

கூடம் திரும்பிப் பார்த்தது. குருபரன் தண்ணீர்ச் செம்பை நீட்டினான். அவள் குடித்துவிட்டு, எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"எங்க நாட்டுல மலையே கிடையாதுங்க. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மணலுதான். பத்து நாளா ஊர் எல்லையில உங்க ரெண்டு நாட்டு ஆளுங்களும் கடப்பாரையோட வந்து நிக்கறாங்க, மலை எங்கன்னு கேட்டு. என்ன சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல."

அலர்மேலு அவளுக்கு முன்வரிசையில் இடம் காட்டிவிட்டு, கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க," என்றாள். "இவங்க ஊருக்கு நம்மள்ல யார் யார் போறது?"