தனியாகப் போகப் படிவம் இல்லை

பன்னிரண்டு அடி நீளப் படகு மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டபோது மணி நாலே முக்கால். படகின் மூக்கு மேல்படியில், வால் கீழ்ப்படியில், நடு வயிறு கைப்பிடிக் கம்பியில். மேலே பிராங்க்ளின் நின்றார். கீழே, பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த அவர் மனைவி ரோசரி, தோளில் பையோடு நின்றாள்.

"ஒண்ணும் பயப்படாதே ரோசரி. இது ஜியாமெட்ரி விஷயம்தான்."

"நான் வீட்டுக்குள்ள போகணுங்க."

"அதைத்தான் சொல்ல வரேன். நீளமான ஒரு பொருளை ஒரு மூலையில திருப்பணும்னா, அந்த ரெண்டு பக்கத்து அகலமும் சேர்ந்துதான் அது எவ்வளவு நீளம் இருக்கலாம்னு முடிவு பண்ணும். ஏணி தூக்கிட்டுப் போறவங்களைப் பாரு, திருப்பத்துல ஏணியை நட்டமா நிமிர்த்திடுவாங்க. நானும் நிமிர்த்தத்தான் பார்த்தேன். மேல கூரை இருக்கு."

ரோசரி பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். மூன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் காலையிலிருந்து பாடம் நடத்திவிட்டு வந்தவள். கூரையின் உயரம் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிராங்க்ளினுக்கு துவாக்குடியில் ஒரு வால்வு கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. இருபத்தாறு வருஷமாக எட்டு லேத்துகளின் சத்தம். அது போதாதென்று கேன்டீனில் பேச்சு, கம்பெனி பஸ்ஸில் பேச்சு. யாரும் யார் சொல்வதையும் கேட்பதில்லை, எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவருடைய தீராத கசப்பு. வீட்டில் ரோசரி ஒருத்திதான் அதிகம் பேசாதவள். அவள் அமைதியான பிறவி என்று முப்பது வருஷத்துக்கு முன்பே அவர் தீர்மானித்துவிட்டார்.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரியாகவே வயலுக்குப் போகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். அது வெள்ளத்துக்கான வடிகால். அந்தக் கொள்ளிடத்தில் ஒற்றை ஆளாகப் படகில் இறங்கி, பகலில் துடுப்பு போட்டு, பொழுது சாய்ந்ததும் மணல் திட்டில் கூடாரம் அடித்து, பன்னிரண்டு நாளில் கடல் வரைக்கும் போவது. வழியில் ஒருவரோடும் ஒரு வார்த்தை கிடையாது. முதலாளி ஆறு மாதம் இழுத்தடித்துப் பன்னிரண்டு நாள் லீவு கொடுத்தார். "இதோட சரி பிராங்க்ளின். இனிமே ரிட்டயர் ஆகுற வரைக்கும் லீவுன்னு என் முன்னால வந்து நிக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார்.

ஆர்டர் போட்ட படகு வந்து இறங்கியதும், ஹாலில் வைத்து ஒரு வாரம் உட்கார்ந்து பழகலாம் என்று மாடிக்கு ஏற்றினார். அதுதான் இப்படி ஆகிவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர் சவரிராயன் பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்தார். பங்குக் கோயில் செயலாளரும் அவர்தான். கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் மஜீதாவும் கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள்.

"கம்பியை வெட்டுனாத்தான் வரும்" என்றாள் மஜீதா.

"வெட்டுறதா? இப்பத்தான்மா பெயிண்ட் அடிச்சேன்!" என்று சவரிராயன் பதறினார்.

பிராங்க்ளின் தளர்ந்துபோனார். "வேணாம் ரோசரி. படகைத் திருப்பி அனுப்பிடுறேன். போகலைன்னா என்ன இப்ப?"

ரோசரி சட்டென்று நிமிர்ந்தாள். "அதெல்லாம் திருப்பி அனுப்பக் கூடாது. அண்ணே, நீங்க வெட்டச் சொல்லுங்க. புதுக் கம்பி நான் வச்சுத் தரேன்."

பிராங்க்ளின் படகுக்கு மேலாக அவளை எட்டிப் பார்த்தார். எத்தனை மனைவிகள் இப்படிச் சொல்வார்கள்?

சவரிராயன் தாடையைத் தடவினார். "படகு எங்க போகுது?"

"கொள்ளிடத்துல. கடல் வரைக்கும்."

"அப்ப பூண்டியைத் தாண்டித்தானே போகணும்?"

"ஆத்துல இருந்து கரையேறிக் கொஞ்ச தூரம் போகணும். ஆனா நான் அங்கெல்லாம்..."

"மாதா கோயில் பக்கம் போறவரு சும்மா போவீங்களா? சனங்க வேண்டுதல் எழுதிப் போட்ட கோயில் மன்றாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் வச்சிட்டுப் போங்க. கம்பியை நான் வெட்டித் தரேன்."

"கொண்டு போவாருண்ணே" என்றாள் ரோசரி.

மறுநாள் வெல்டர் வந்தார். படகு விடுபட்டு, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் பரிசல் வைத்திருக்கும் பிச்சமுத்துவின் கொட்டகைக்குப் போனது. அந்த ஏற்பாட்டையும் ரோசரிதான் செய்தாள். அவள் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் பிச்சமுத்து மாமா முறை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிவில் சவரிராயன் மைக்கைப் பிடித்தார். "நம் பங்கைச் சேர்ந்த திரு. பிராங்க்ளின் அவர்கள் பூண்டி மாதாவை நாடிப் படகுத் திருப்பயணம் மேற்கொள்கிறார். கரையோரமாக நடந்து வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கவும்."

பூசை முடிந்ததும் பிராங்க்ளினைச் சுற்றிக் கூட்டம்.

"படகுல எத்தனை பேர் உக்காரலாங்க?"

"ஒருத்தர்தான்மா."

"சின்னப் புள்ளைங்க?"

"படகோட அகலம் ரெண்டு அடி. அகலம் கொறையக் கொறைய ஆட்டம் ஜாஸ்தி. எடையோட மையம் ஒரு பக்கம் சாஞ்சுதுன்னா..."

"அப்ப மடியில வச்சுக்கலாம்ல?"

முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள். சமையலுக்கு ஒரு மினி வேன். வேனின் தலையில் ஒரு குழாய் ஸ்பீக்கர்.

பிராங்க்ளின் சவரிராயனிடம் கெஞ்சினார். "அண்ணே, நான் தனிமையைத் தேடிப் போறேன்."

"தாராளமாப் போங்க. தண்ணியில நீங்க மட்டும்தானே? நாங்க கரையில வரப்போறோம். உங்க பக்கம் திரும்பக்கூட மாட்டோம். ஜெபமாலை மட்டும் மைக்குல சொல்லிட்டு வருவோம்."

இவர்களுக்கு முன்பாகவே கிளம்பிவிடுவது என்று பிராங்க்ளின் முடிவு செய்து, அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே இருந்த அலுவலர் விண்ணப்பத்தை இரண்டு முறை புரட்டினார்.

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார். தனியா."

"தனியாப் போறதுக்குப் படிவம் இல்லையே."

"ஏன் சார்?"

"ஆத்துல உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னு வைங்க. ஆயிடுச்சுன்னு எங்ககிட்ட வந்து யார் சொல்றது? குழுன்னா படிவம் இருக்கு. கொறைஞ்சது பத்துப் பேர். நீச்சல் தெரிஞ்ச ஆளோட பாதுகாப்புப் படகு ஒண்ணு."

பிராங்க்ளின் அன்று ராத்திரி பாதிச் சாப்பாட்டிலேயே தட்டில் கையைக் கழுவிவிட்டார். "முடிஞ்சுது ரோசரி. தனியா இருக்கணும்னா பத்துப் பேர் வேணுமாம். நான் போகலை. லீவை வீட்டுலயே கழிச்சிடுறேன்."

ரோசரியின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

"வீட்டுலயா? பன்னெண்டு நாளும் வீட்டுலயா?"

"வேற என்ன செய்யறது?"

அவள் உடனே போனை எடுத்தாள். பத்து நிமிஷத்தில் சவரிராயனின் முப்பத்தொரு பெயரும் படிவத்துக்கு வந்து சேர்ந்தன. அடுத்த பத்து நிமிஷத்தில், பாதுகாப்புப் படகாகப் பரிசலோடு கூட வரப் பிச்சமுத்து சம்மதித்துவிட்டார். பிராங்க்ளினுக்குக் கண் கலங்கியது. தன் கனவு தன்னைவிட இவளுக்குப் பெரிதாக இருக்கிறதே!

மறுநாள் அவர் பிச்சமுத்துவைப் பார்க்கப் போனார். பிச்சமுத்து பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"நான் வாயே தொறக்க மாட்டேன் சார். டீச்சரம்மா சொல்லியிருக்காங்க."

"ரொம்ப நல்லது. ஆனா ஒரு விஷயம் பிச்சமுத்து. உங்க பரிசல் ஏன் சுத்துது தெரியுமா? வட்டமா இருக்குறதுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஒரு ஓரத்துல துடுப்பு போட்டா தள்ளுறதுக்குப் பதிலா திருகிவிடும். அதனாலதான் முன்னால துடுப்பைப் போட்டுத் தண்ணியைத் தன் பக்கமா இழுக்கணும். என் படகு நீளம். அந்த நீளமே அதை நேராப் போக வைக்கும். இன்னும் தெளிவா சொல்லணும்னா..."

முக்கால் மணி நேரம் தெளிவாகச் சொன்னார். தார் காய்ந்துவிட்டது.

"அப்படியா சார்?" என்றார் பிச்சமுத்து. "நாப்பது வருஷமா இது தெரியாமயே ஓட்டிட்டு இருந்திருக்கேன்."

திங்கட்கிழமை பயணம். விடிந்ததும் ரோசரி ஆட்டோ வரைக்கும் பையைத் தூக்கி வந்தாள். அவர் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"பன்னெண்டு நாளையும் முழுசா முடிச்சிட்டுத்தான் வரணும். மழை, கால்வலி, அது இதுன்னு நடுவுல திரும்பிடாதீங்க. நீங்க ஆசைப்பட்டது."

"நீ தனியா இருந்துப்பியா?"

"சமாளிச்சுக்குவேன்" என்றாள் ரோசரி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொள்ளிடக் கரையில் முப்பத்தொரு பேரும் நீலக் கொடியோடு நின்றார்கள். ஸ்பீக்கரில் ஜெபமாலை ஒலித்துக்கொண்டிருந்தது. பிராங்க்ளின் பல்லைக் கடித்துக்கொண்டு படகை நோக்கி நடந்தார். தண்ணீருக்குள் நூறு அடி போய்விட்டால் போதும், காதில் பஞ்சு இருக்கிறது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ஸ்பீக்கர் வந்தது. இது அறிவிப்பு ஜீப். "மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்துவிடப்பட்டுள்ளதால், கொள்ளிடம் ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கப்படுகிறது."

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கொள்ளிடம் வடிகால் என்பதால், காவிரி தாங்காத தண்ணீர்தான் அதில் வரும். உபரி இல்லாத நாளில் படகை மணலில் இழுத்துக்கொண்டு போகலாம். உபரி வந்துவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மிதக்கத் தோதாகச் சில நாட்கள் உண்டு. பிராங்க்ளின் ஆறு மாதம் கணக்குப் போட்டுத்தான் நாள் குறித்திருந்தார். மேலே எங்கோ பெய்த மழைக்கு அவருடைய கணக்கு தெரியாது.

"எவ்வளவு நாளைக்கு?" என்று ஜீப்காரரைக் கேட்டார்.

"மேல மழை நிக்கணும் சார். ரெண்டு வாரம் ஆகும்னு பேசிக்கிறாங்க."

முப்பத்தொரு பேரும் ஐந்து நிமிஷம் வருத்தப்பட்டார்கள். பிறகு, "மெழுகுவத்தி வாங்கியாச்சு, சும்மா திரும்புறதா?" என்று மன்றாட்டுப் பெட்டியோடு பஸ் பிடித்துப் பூண்டிக்குப் போய்விட்டார்கள். வேன் சாம்பாரோடு பின்னால் போனது. அவரையும் வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பிச்சமுத்து படகைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பிராங்க்ளின் கரையில் தனியாக நின்றார். கால் மணி நேரம் அமைதியாகத்தான் இருந்தது. அதற்குள் அணையின் ஷட்டர்கள் எப்படித் தூக்கப்படுகின்றன, மேட்டூர்த் தண்ணீர் முக்கொம்புக்கு வந்துசேர எத்தனை நேரம் ஆகும் என்பதெல்லாம் மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. சொல்வதற்கு அங்கே ஓர் ஆள் இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது மனம் கொஞ்சம் ஆறியது. போனால் போகட்டும். பன்னிரண்டு நாள் லீவு இருக்கிறது, வீட்டில் ரோசரி இருக்கிறாள். சாயங்காலம் அவள் வந்ததும், ஆறு ஏன் கைவிட்டது என்பதை ஆதியிலிருந்து பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும். வரைபடம் போட்டுச் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும். அங்கே பஸ் மாறி, வீடு இருக்கும் எடமலைப்பட்டி புதூர் வரைக்கும் அதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தார்.

மாடியேறிச் சாவியைப் போட்டார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

ரோசரி பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம். மணி அடித்தார். பதில் இல்லை. போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திருடனோ? மயங்கி விழுந்துவிட்டாளோ? இரண்டு கையாலும் கதவைத் தட்டினார். "ரோசரி! ரோசரி!"

கீழே தையல் மிஷின் நின்றது. மஜீதா மூன்று மூன்று படியாகத் தாவி மேலே வந்தாள். அவரைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா! என்னண்ணே, திரும்பி வந்துட்டீங்க?"

"ஆத்துல வெள்ளம்மா. அதை விடு, உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. ரோசரிக்கு என்ன ஆச்சு?"

மஜீதா மூடிய கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாண்ணே. அக்கா நல்லாத்தான் இருக்காங்க, ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு உள்ளதான் இருக்காங்க. 'இந்தப் பன்னெண்டு நாளும் எனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டாங்க மஜீதா'ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டேதான் கதவைச் சாத்துனாங்க."